நாணயமும் முத்திரையும்

பிழைப்பை நாடிப் பிற மாநிலம் சென்ற தமிழர் எவர்க்கும் முதற்பாடம் கடைத்தெருவில்தான் தொடங்குகிறது. ஊரின் மொழி தெரியாது. கடைப்பலகையின் எழுத்து, எழுத்தாகத் தோன்றாமல் கோலமாகத் தோன்றுகிறது. நாம் வாயைத் திறக்குமுன்பே நாம் புதியவர் என்பதைக் கடைக்காரர் அறிந்துகொள்கிறார். அந்நேரத்தில் நம் கண் அலமாரியில் எதையோ தேடுகிறது. ஊரில் நம் அன்னையார் வாங்கிய அதே டப்பா, அதே படம், அதே நிறம் தென்பட்டுவிட்டால் மனத்துக்கு ஓர் ஆறுதல். விரலை நீட்டிக் காட்டுகிறோம். ஒரு சொல்லும் பேசாமலே வியாபாரம் முடிந்துவிடுகிறது.

மத்திய அரசாங்கத்தின் மொழிபெயர்ப்புப் பணியில் வடநாட்டு நகரொன்றுக்கு மாற்றலாகிச் சென்ற முதல் வாரத்தில் நாமும் இவ்வாறு விரல் நீட்டி ஒரு சோப்புக் கட்டியை வாங்கினோம். வீட்டுக்கு வந்து உறையைப் பிரித்த பின்னரே, படம் அதுவே போன்றிருந்தும் பெயரில் ஓரெழுத்து மாறியிருப்பது தெரிந்தது. எவ்வளவு தேய்த்தும் நுரை எழவில்லை. இழந்த காசு அற்பமானதே. எனினும் உறவினர் ஒருவரின் வேடத்தைப் புனைந்து அயலார் ஒருவர் வந்து நம்மை ஏய்த்துவிட்டுப் போனாற்போன்ற வருத்தம் நெடுநாள் நீங்கவில்லை. ஒரு பெயருக்கும் ஒரு படத்துக்கும் நம் உள்ளத்தில் இத்துணை உரிமை எங்ஙனம் வந்தது? அவ்வுரிமையைச் சம்பாதிப்பவர் யார்? அதைக் காப்பது எது? இக்கேள்விகளுக்கு வரலாறு தரும் விடைகளையே இன்று எண்ணிப் பார்க்கப் போகிறோம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். அலுவலகத் தாள்களில் நாம் 'வணிகக் குறி' என்றும் 'வணிகச் சின்னம்' என்றும் எழுதுகிறோம். மக்களோ அவற்றை எல்லாம் ஒதுக்கிவிட்டு, 'மார்க்' என்ற ஒரே சொல்லால் காரியத்தை முடித்துக்கொண்டனர். 'யானை மார்க்', 'கிளி மார்க்' என்று கேட்டு வாங்கிய தலைமுறை நம் பாட்டிமார் தலைமுறை. வடநாட்டார் இதனையே 'சாப்' என்பர்; அச்சு, முத்திரை என்பது அதன் பொருள். ஆனால் தமிழில் இவற்றையெல்லாம் விட ஆழமான சொல் ஒன்று உண்டு. அதுதான் 'நாணயம்'. முத்திரை பொறித்த காசுக்கும் அதுவே பெயர். சொன்ன சொல் தவறாத நேர்மைக்கும் அதுவே பெயர். முத்திரை வெளியே இருக்க, நேர்மை உள்ளே இருக்க வேண்டும். உள்ளே நேர்மை இல்லாத முத்திரை செல்லாக் காசு. வணிகச் சின்னத்தின் வரலாறு முழுவதையும் இந்த ஒரு சொல்லுக்குள் அடக்கிவிடலாம்.

பண்டங்களின்மேல் முத்திரை இடும் வழக்கம் மிகப் பழமையானது. காவிரிப்பூம்பட்டினத் துறையில் குவிந்த பொதிகளின்மேல் சோழர் அதிகாரிகள் புலிச் சின்னம் பொறித்துக் காவலிட்ட செய்தியைப் பட்டினப்பாலை தெரிவிக்கிறது. புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, இத்தாலி நாட்டு அரேஸ்ஸோ நகரின் செந்நிற மட்கலத் துண்டுகள் கிடைத்தன. அவற்றுள் சிலவற்றின் அடியில் குயவர் பெயர் முத்திரையாகப் பதிந்திருந்தது. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை நாம் கருத வேண்டும். புலி முத்திரை, 'அரசனுக்குரிய சுங்கம் செலுத்தப்பட்டது' என்றது. குயவரின் முத்திரையோ, 'இதைச் செய்தவன் நான். குறையிருந்தால் என்னைக் கேள்' என்றது. கடல் கடந்து வந்த பானையை வாங்கிய அரிக்கமேட்டுவாசி அந்தக் குயவரைக் கண்ணால் கண்டிருக்க வழியில்லை. காணாத ஒருவரை நம்புதற்கு ஒரு பிடிமானம் வேண்டியிருந்தது. அப்பிடிமானமே முத்திரை.

ஊர்ச் சந்தையில் இதற்குத் தேவையே எழவில்லை. எண்ணெய் ஆட்டுபவரையும், நெய் காய்ச்சுபவரையும், தறி நெய்பவரையும் வாங்குவோர் நேரில் அறிவர். கலப்படம் செய்தவர் மறுநாள் அதே தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருப்புப்பாதையும் நீராவிக் கப்பலும் ஆலையும் வந்தன. செய்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே ஆயிரக்கணக்கான மைல் தொலைவு விழுந்தது. மான்செஸ்டர் ஆலைத் துணிகள் நம் நாட்டுக்கு வந்தபோது, தெய்வங்கள், யானைகள், அரசர்கள் ஆகியோரின் வண்ணப்படம் அச்சிட்ட காகிதங்களை அவற்றின்மேல் ஒட்டி அனுப்பினர். எழுத்தறியாதாரும் அப்படத்தைக் கொண்டே துணியை அடையாளம் கண்டனர். படம் பேசத் தொடங்கிய காலம் அது.

படம் பேசத் தொடங்கியதும் பொய்யும் பேசத் தொடங்கிற்று. ஒருவரின் படத்தை மற்றொருவர் ஒட்டினர். குறைந்த நீளமுள்ள துணியை நிறைந்த நீளம் என்று விற்றனர். எனவே சட்டம் குறுக்கிட்டது. இங்கிலாந்தில் 1875-இல் வணிகச் சின்னப் பதிவுச் சட்டம் இயற்றப்பட்டது. 1876 ஜனவரி முதல் நாளன்று முதலாவதாகப் பதிவு பெற்றது, பாஸ் என்ற மதுவடிப்பு நிறுவனத்தாரின் சிவப்பு முக்கோணம். இந்தியாவில் 1889-ஆம் ஆண்டின் சரக்குக் குறிச் சட்டம், பொய்க் குறிகளைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியதோடு, ஆலைத் துணியின்மேல் அதன் நீளத்தைக் கஜக் கணக்கில் பொறிக்க வேண்டுமென்றும் விதித்தது. பின்னர் 1940-ஆம் ஆண்டுச் சட்டம் வணிகச் சின்னங்களைப் பதிவு செய்யும் முறையைக் கொணர்ந்தது. அதனை 1958-ஆம் ஆண்டுச் சட்டமும், அதனை 1999-ஆம் ஆண்டுச் சட்டமும் பின்தொடர்ந்தன. ஓரெழுத்தை மாற்றி நம்மை ஏய்த்தவர்களைப் பிடிப்பதற்குரிய சட்டம் நாட்டில் நெடுங்காலமாகவே உண்டு.

அதே 1880-களில் வணிக உலகில் ஒரு புதிய வழக்கம் பிறந்தது. அதுவரை இங்கிலாந்து மளிகைக்காரர் நீண்ட சோப்புப் பாளத்தைக் கத்தியால் அறுத்து எடை போட்டு விற்றனர். அப்பாளத்துக்குப் பெயர் இல்லை. வில்லியம் லீவர் என்பவர் அதைச் சிறு கட்டிகளாக்கி, ஒவ்வொன்றையும் உறையில் சுற்றி, 'சன்லைட்' என்று பெயரிட்டு விற்றார். 1888-இல் அச்சோப்புப் பெட்டிகள் கல்கத்தாத் துறைமுகத்தில் இறங்கின. பெயரில்லாப் பண்டத்தை விற்கும் கடைக்காரர், இன்று ஒருவரிடமும் நாளை வேறொருவரிடமும் சரக்கெடுக்கலாம். பெயருள்ள பண்டத்தையோ வாங்குவோரே பெயர் சொல்லிக் கேட்கின்றனர். நம்பிக்கை கடைக்காரரை விட்டுப் பொருளின்மேல் ஏறிக்கொண்டது. பிற்காலத்து விளம்பரக் கலை முழுவதற்கும் அடிப்படை இதுவே.

ஆனால் பெயர் சூட்டிய பண்டங்களெல்லாம் நிலைத்து நின்றனவா? இல்லை. நின்றவை எவை, வீழ்ந்தவை எவை என்பதை அறிய, நம் நாட்டிலேயே நடந்த ஒரு வரலாற்றைச் சற்று விரிவாகப் பார்ப்போம். குஜராத்தில் அந்நாளைய கைரா மாவட்டத்தைச் சேர்ந்த ஆனந்த் என்னும் சிற்றூரில் நடந்த வரலாறு அது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மேற்கு இந்தியாவில் வெண்ணெய் என்றால் 'பால்சன்' என்றே பொருள். பார்சி வணிகர் ஒருவர் நிறுவிய அந்நிறுவனம் ஆனந்தில் பெரிய பாற்பண்ணை ஆலையை நடத்திவந்தது. ஒருவரை முகத்துதி செய்வதைப் 'பால்சன் தடவுதல்' என்று பம்பாய் மக்கள் பேச்சுவழக்கில் கூறும் அளவுக்கு அப்பெயர் ஊறிப்போயிருந்தது. ஒரு நிறுவனத்தின் பெயர் மக்களின் வசைமொழியிலும் வேடிக்கைமொழியிலும் இடம்பெறுவதைவிட மேலான விளம்பரம் வேறு இல்லை. 1945-இல் பம்பாய் நகருக்குப் பால் வழங்கும் திட்டத்தை அரசாங்கம் தொடங்கியபோது, கைரா மாவட்டத்துப் பாலைத் திரட்டும் தனியுரிமை பால்சனுக்கே கிடைத்தது. பால் நானூறு கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவு பயணம் செய்து நகரை அடைந்தது. ஆனால் விலை உயர்வின் பயன் எருமை வளர்த்த குடியானவரை அடையவில்லை.

குடியானவர்கள் சர்தார் வல்லபபாய் பட்டேலிடம் சென்று முறையிட்டனர். உங்கள் பாலை நீங்களே கூட்டுறவு முறையில் விற்றுக்கொள்ளுங்கள் என்பது அவர் கூறிய வழி. அவர் அனுப்பிய மொரார்ஜி தேசாயின் முன்னிலையில் 1946 ஜனவரியில் சமர்க்கா என்ற ஊரில் கூட்டம் நடந்தது. பதினைந்து நாட்கள் ஒரு துளிப் பாலும் ஆலைக்குச் செல்லவில்லை. அரசாங்கம் இறங்கிவந்தது. 1946 டிசம்பர் 14-ஆம் நாள் கைரா மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் சங்கம் பதிவாயிற்று. தொடக்கத்தில் சேர்ந்தவை இரண்டு கிராமச் சங்கங்கள். திரண்ட பால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 250 லிட்டர். ஊர் ஊராக நடந்து மக்களைச் சேர்த்த தலைவர் திரிபுவன்தாஸ் பட்டேல்.

1949 மே மாதத்தில் இளைஞர் ஒருவர் ஆனந்துக்கு வந்து சேர்ந்தார். கோழிக்கோட்டில் பிறந்து, சென்னை லயோலாக் கல்லூரியிலும் கிண்டிப் பொறியியற் கல்லூரியிலும் பயின்ற வர்கீஸ் குரியனே அவர். அரசாங்க உதவிச் சம்பளத்தில் அமெரிக்கா சென்று படித்ததற்கு ஈடாக, அரசாங்கம் சொன்ன இடத்தில் பணிபுரிய வேண்டிய கட்டாயம் அவருக்கு. மொழி புதிது, உணவு புதிது, ஊர் புழுதி. ஒப்பந்தம் முடிந்தவுடன் மூட்டை கட்டிவிட வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். நம்மில் எத்தனை பேர் மாற்றல் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு அவ்வாறே எண்ணியிருக்கிறோம்! ஆனால் பழுதான இயந்திரங்களோடு போராடிய சங்கத்துக்கு உதவப் போனவரைத் திரிபுவன்தாஸ் போகவிடவில்லை. பால் தமக்குப் பிடிக்காது என்று வெளிப்படையாகவே கூறிவந்த அவர், 2012-இல் மறையும் வரை ஆனந்தையே தம் ஊராகக் கொண்டார்.

எருமைப் பாலைப் பொடியாக்க இயலாது என்பது அக்காலத்து மேனாட்டு வல்லுநரின் முடிபு. குரியனின் நண்பர் எச். எம். தலயா அதைச் செய்துகாட்டினார். ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியத்தின் உதவியும் பெற்று எழுந்த ஆலையை, 1955 அக்டோபர் 31-ஆம் நாள் பிரதமர் நேரு திறந்துவைத்தார். இனிச் சங்கத்தின் வெண்ணெய்க்கு ஒரு பெயர் வேண்டும். 'அமுல்' என்ற பெயர் தேர்ந்தெடுக்கப்பட்டது. விலைமதிப்பற்றது எனப் பொருள்படும் 'அமூல்ய' என்ற வடசொல்லை அது நினைவூட்டும். ஆனந்த் பால் சங்கம் என்பதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளும் அதில் அடங்கும். 1957-இல் அது வணிகச் சின்னமாகப் பதிவு பெற்றது. இங்கே மொழிபெயர்ப்பாளராகிய நமக்கு ஒரு சிறு புன்னகை எழுகின்றது. அரபு மொழியினின்றும் வந்த 'அமுல்' என்ற சொல்லை நாம் அன்றாடம் அரசாங்க ஆணைகளில் எழுதிவருகிறோம். 'இவ்வுத்தரவு உடனே அமுலுக்கு வருகிறது' என்பது நம் கைக்குப் பழகிய வாக்கியம். இரண்டு சொற்களுக்கும் உறவில்லை. ஆயினும் பெயர் வைப்பது எளிது, அதை அமுலுக்குக் கொண்டுவருவதே அரிது என்பதை இந்த ஒலியொற்றுமை நமக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது.

அமுலுக்குக் கொண்டுவருவது உண்மையிலேயே அரிதாக இருந்தது. பால்சன் வெண்ணெய், புளித்த பாலேட்டிலிருந்து எடுக்கப்பட்டு, உப்பு மிகுதியாகச் சேர்க்கப்பட்டது. அந்த வாசனைக்கும் உவர்ப்புக்கும் நகரத்தார் நாக்கு பழகியிருந்தது. ஆனந்தின் வெண்ணெயோ புதிய பாலேட்டில் செய்தது. எருமைப் பாலாதலால் வெண்மையானது. வாங்கியோர் அதைச் சப்பென்றிருக்கிறது என்று ஒதுக்கினர். தூய்மையே போதும், மக்கள் தாமே வருவர் என்று காத்திருந்தால் சங்கம் முழுகியிருக்கும். குரியன் குழுவினர் உப்பைக் கூட்டினர்; மஞ்சள் நிறமும், சட்டம் அனுமதித்த மணமும் சேர்த்தனர். இது குறித்து முழு மகிழ்ச்சி கொள்ள நமக்கும் மனம் வரவில்லைதான். ஆனால் இதில் ஒரு வாணிப உண்மை உண்டு. வாங்குவோரின் பழக்கத்தை மதியாதவர் அவர்தம் நம்பிக்கையைப் பெற முடியாது. எதில் இணங்கலாம், எதில் இணங்கலாகாது என்பதை அறிவதே திறமை. ஆனந்தினர் சுவையில் இணங்கினர். பாலின் தரத்தில் இணங்கவில்லை.

அத்தரம் எங்ஙனம் காக்கப்பட்டது? அமுலின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது. கிராமந்தோறும் காலையிலும் மாலையிலும் பெண்டிரும் ஆடவரும் பாற்செம்புடன் வரிசையில் நிற்கின்றனர். ஒவ்வொருவர் பாலும் தனித்தனியே அளக்கப்படுகிறது. அதன் கொழுப்புச் சத்து சோதிக்கப்படுகிறது. சத்துக்கேற்ற விலை கணக்கிடப்படுகிறது. தண்ணீர் கலந்தால் விலை அங்கேயே குறைந்துவிடும். வரிசையில் முன்னிற்பவர் செல்வராயினும் ஏழையாயினும், எச்சாதியினராயினும் சோதனை ஒன்றே. ஆலைக்கு உரிமையாளரும் அவ்வரிசையில் நிற்பவரே. ஆதலால் பெயர் கெட்டால் நட்டம் யாருக்கு என்பதை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நகரத்து இல்லத்தரசி பொட்டலத்தின்மேல் காணும் பெயர், உண்மையில் அவ்வரிசையின் சுருக்கெழுத்து.

1964-இல் பிரதமர் லால்பகதூர் சாஸ்திரி கைரா மாவட்டத்துக்கு வந்தார். அஜர்புரா என்ற கிராமத்தில் ஒரு குடியானவர் இல்லத்தில் இரவைக் கழித்து, மக்களோடு நெடுநேரம் உரையாடினார். குரியன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தபடி, இவ்வூர் நிலமும் எருமையும் நாட்டின் பிற பகுதிகளில் உள்ளவற்றைவிட மேலானவை அல்லவே, பின் வெற்றிக்குக் காரணம் என்ன என்று சாஸ்திரி கேட்டார். உழைப்பவரே உரிமையாளர் என்பதுதான் வேறுபாடு என்ற விடை அவருக்குக் கிடைத்தது. அதன் விளைவாக 1965-இல் தேசியப் பால்வள வாரியம் ஆனந்திலேயே நிறுவப்பட்டது. அதற்கு ஈராண்டு முன்னரே, 1963-இல், திரிபுவன்தாஸ், குரியன் ஆகியோர்க்கும், பம்பாய்ப் பால் திட்டத்தை நடத்திய தாரா குரோடிக்கும் மகசேசே பரிசு வழங்கப்பட்டது.

இத்துணை அடித்தளம் அமைந்த பின்னரே விளம்பரம் வந்தது என்பதை நேயர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். 1966-இல் சில்வெஸ்டர் டகுன்யா என்ற விளம்பர வல்லுநரும், யூஸ்டஸ் பெர்னாண்டஸ் என்ற ஓவியரும் புள்ளிச் சட்டை அணிந்த ஒரு சிறுமியைப் படைத்தனர். பம்பாய்த் தெருப் பலகைகளில் தோன்றிய அச்சிறுமி வெண்ணெயைப் பற்றி மட்டும் பேசவில்லை. கிரிக்கெட்டு, தேர்தல், வேலைநிறுத்தம், திரைப்படம் என நாட்டில் நடந்தவற்றை எல்லாம் குறும்புடன் பேசினாள். தெருமுனையில் நின்று ஊர்ச் செய்தி சொல்லும் அண்டைவீட்டுக் குழந்தையாக அவள் ஆனாள். விளம்பரங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும் உலகில், அச்சிறுமியும் அவள் பேச்சும் அறுபது ஆண்டுகளாகத் தொடர்கின்றன. தமிழ்நாட்டிலும் கொழுகொழுவென்றிருக்கும் குழந்தையை 'அமுல் பேபி' என்று கொஞ்சுவது பழக்கமாயிற்று. பால்சனின் பெயர் பம்பாய் மொழியில் இடம்பெற்றாற்போல் அமுலின் பெயர் நம் மொழியிலும் ஏறிக்கொண்டது.

ஆனால் மொழியில் இடம்பெறுவது மட்டும் ஒரு பெயரைக் காக்குமா? பால்சனின் வீழ்ச்சி அதற்கு விடை. எல்லோர் நாவிலும் இருந்த அப்பெயரின் வெண்ணெய் ஒரு தலைமுறைக்குள் வீடுகளினின்றும் மறைந்தது. அதன் சுவையில் குறை கூறியவர் இல்லை, விளம்பரத்திலும் குறைவில்லை. பெயருக்குக் கீழே இருந்த குடியானவருக்கும் பெயருக்கும் இடையே நம்பிக்கை அற்றுப்போயிற்று. வேர் அறுந்தபின் மரம் சிலகாலம் பசுமையாக நிற்கும். ஆனால் நெடுங்காலம் நில்லாது. 1976-இல் சியாம் பெனகல் 'மந்தன்' என்ற திரைப்படத்தை எடுத்தபோது, குஜராத்தின் ஐந்து லட்சம் குடியானவர்கள் ஆளுக்கு இரண்டு ரூபாய் தந்து அதைத் தயாரித்தனர். தங்கள் வரலாற்றுக்குத் தாங்களே காசு கொடுத்த மக்கள் அவர்கள். அன்று இரண்டு சங்கங்களுடன் தொடங்கியது, இன்று 30 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களின் பெயராக விளங்குகிறது.

இதுபோன்ற வேறொரு செய்தியும் உண்டு. 1959 மார்ச் 15-ஆம் நாள் பம்பாய் கிர்காவ் பகுதியில் ஏழு பெண்மணிகள் 80 ரூபாய் கடன் வாங்கி, மொட்டைமாடியில் அப்பளம் இடத் தொடங்கினர். 'லிஜ்ஜத்' அப்பளத்தின் தோற்றம் அதுதான். உழைக்கும் பெண்டிரே உரிமையாளர் என்ற விதி அங்கும் உண்டு. சுவையும் தரமும் ஊருக்கு ஊர் மாறலாகாது என்ற கண்டிப்பும் உண்டு. ஆனந்தும் கிர்காவும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன. வாடிக்கையாளரின் பற்று என்பது வெளியிலிருந்து விலைக்கு வாங்கும் சரக்கன்று. உள்ளே இருப்போரின் பற்று கனிந்து வெளியே வழிவதே அது.

நேயர்களே, இப்பாடம் வணிகர்க்கு மட்டும் உரியதன்று. பிற மாநிலத்தில் வாழும் நாம் ஒவ்வொருவரும் ஒரு முத்திரையைத் தாங்கியே நடக்கிறோம். மாதுங்காவிலும் கரோல்பாக்கிலும் நமக்கு முன் சென்றோர் உணவு விடுதி நடத்தினர், கணக்கெழுதினர், சுருக்கெழுத்துப் பணி புரிந்தனர். அவர்தம் நேர்மையைக் கண்ட வீட்டுக்காரர், பின்னர் வந்த நமக்கு முன்பணம் கேளாமலே சாவியைத் தந்தார். அந்த நம்பிக்கை நாம் சம்பாதித்ததன்று. நமக்கு முன்னிருந்தோர் நாள்தோறும் வரிசையில் நின்று அளந்து ஊற்றியது. நம்முள் ஒருவர் வாடகையை ஏய்த்துவிட்டுப் போனால், அடுத்து வரும் தமிழ் இளைஞருக்கு அந்தக் கதவு அடைபடும். அவர் செய்யாத குற்றத்துக்கு அவர் தண்டனை பெறுவார்.

நம்மை ஏய்த்த அந்தப் போலிச் சோப்பின் உறையை நாம் நெடுநாள் மேசை இழுப்பறையில் வைத்திருந்தோம். படம் அழகாகவே இருந்தது; அச்சும் தெளிவாகவே இருந்தது. இல்லாதது ஒன்றே. குறையிருந்தால் என்னைக் கேள் என்று சொல்ல, அதன் பின்னால் எவரும் இல்லை. இனி நேயர்கள் கடையில் விரல் நீட்டும்போது பெயரை எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்றும் ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். நம் பெயருக்குப் பின்னால் நாம் நிற்கிறோமா என்ற கேள்வியும் உடன் எழுமாயின், நாம் எடுத்துரைத்தது வீண்போகவில்லை என்று மகிழ்வோம்.